பொதியும் முத்திரையும்: டெபியன் களஞ்சியம் கொங்குக் கணினி அறைக்கு வந்த வழி

பெரியநாயக்கன்பாளையத்தில் ‘பொதி’ என்றால் முதலில் நினைவுக்கு வருவது பஞ்சுப் பொதிதான். நூற்பாலை இயந்திரங்கள் செய்யும் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் வளர்ந்த ஊர் இது. மில் குடோனில் பொதி இறங்கினால் லாட் எண்ணையும் எடையையும் சீட்டோடு ஒத்துப் பார்த்த பிறகே உள்ளே அடுக்குவார்கள். லாரி எந்தச் சாலையில் வந்தது என்பது அங்கே கேள்வியே இல்லை. லினக்ஸ் மென்பொருளையும் தமிழில் பொதி என்றே சொல்கிறோம். அவற்றை அடுக்கிய இடம் களஞ்சியம். அந்தக் களஞ்சியத்தின் முப்பதாண்டு வரலாறு, சீட்டைச் சரிபார்க்கும் பழக்கம் உருவான வரலாறுதான் என்பது என் துணிபு.

1993 ஆகஸ்ட்டில் இயன் மர்டாக் டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பை அறிவித்தார். அடுத்த ஆண்டே டிபிகேஜி என்ற பொதி நிறுவி வந்துவிட்டது. ஆனால் ஒரு பொதிக்கு வேறு எவையெல்லாம் துணை வேண்டும் என்று தேடிச் சேர்ப்பது பயனரின் பாடாக இருந்தது. 1999 மார்ச்சில் டெபியன் 2.1-உடன் வந்த ஆப்ட் அந்தச் சுமையை இறக்கியது. கேட்டதும் பொதி வந்தது. அனுப்பியது யார் என்று ஆப்ட் கேட்கவில்லை. 2003 நவம்பரில் டெபியனின் வழங்கிகள் சிலவற்றில் ஊடுருவல் நடந்தபோது இந்தக் குறை எல்லோருக்கும் உறைத்தது. களஞ்சியம் தப்பியது. ஆனாலும் பயனர் தன் கணினியில் உட்கார்ந்தபடியே அதை உறுதிசெய்ய ஆப்டில் வழியில்லை. 2007 ஏப்ரலில் வெளியான டெபியன் 4.0-இல்தான் ஆப்ட் தானே முத்திரையைச் சோதிக்கத் தொடங்கியது.

அந்த ஏற்பாட்டின் அழகைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பொதி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே முத்திரை குத்துவதில்லை. ‘ரிலீஸ்’ என்ற ஒரே ஒரு சிறு கோப்பில்தான் கையொப்பம். அதற்குள் பொதிப் பட்டியல்களின் ஹாஷ் எண்கள், அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட அடையாள எண்கள். பட்டியலுக்குள் ஒவ்வொரு பொதியின் அளவும் ஹாஷும். 2023-இல் வந்த டெபியன் 12-இன் 64,000-க்கு மேற்பட்ட பொதிகளுக்கும் இந்த ஒரு கையொப்பமே காவல். இடையில் யாராவது ஒரு பைட்டை மாற்றினாலும் கணக்கு உதைக்கும்.

பாதை எதுவானாலும் சரக்கை நம்பலாம் என்ற இந்த வசதி மற்ற எவரையும்விட நமக்கே அதிகம் தேவைப்பட்டது. மத்திய அரசின் கணினி ஆய்வு மையமான சி-டாக்கின் சென்னைக் கிளை டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007-இல் வெளிவந்தது. 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு அதுவும் இருந்தது. மடிக்கணினி வீட்டுக்கு வந்துவிட்டது, இணையம் வரவில்லை. ரிதேஷ் ராஜ் சராஃப் எழுதிய ஆப்ட்-ஆஃப்லைன் போன்ற கருவிகள் இப்படிப்பட்ட இடைவெளிக்கென்றே பிறந்தவை. இணையமுள்ள ஓரிடத்தில் பொதிகளை இறக்கிப் பென்டிரைவில் கொண்டுவந்தாலும் முத்திரைச் சோதனை குறைவின்றி நடக்கும்.

கணினி அறைக்கென்று உள்ளூரிலேயே ஒரு களஞ்சிய நகலை வைத்தால், பொதிகளை ஒருமுறை இறக்கினால் போதும். தொல்லையும் அங்கேதான் தொடங்கும். அடிக்கடி வருவது ‘ஹாஷ் பொருந்தவில்லை’ என்ற பிழை. பெரும்பாலும் இது திருட்டல்ல, வரிசைக் குளறுபடி. புதுப் பட்டியல் முதலில் வந்து, பொதிகள் பாதியில் நின்றிருக்கும். பொதிகளை முதலில் கொண்டுவந்து, பட்டியலைப் பிறகு மாற்றி, பழையவற்றைக் கடைசியில் நீக்கினால் தீரும்.

இன்னொன்று நுட்பமானது. போலிப் பொதியை முத்திரை தடுக்கும்; ஆனால் உண்மையான பழைய பட்டியலையே காட்டி, பாதுகாப்புத் திருத்தங்களை மறைத்துவிட முடியும். அதற்காகவே ரிலீஸ் கோப்பில் காலாவதித் தேதி சேர்ந்தது. ஆனால் தேதியைச் சோதிக்கக் கணினியின் கடிகாரம் சரியாக இருக்க வேண்டும். இவ்வட்டாரக் கணினி அறை ஒன்றில் நான் பார்த்த பழைய மேசைக் கணினிகளில் ரிலீஸ் கோப்பு ‘இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்றே வந்தது. மூலையில் கடிகாரம் 2002 ஜனவரி 1 என்று காட்டியது. மதர்போர்டின் நாணய பேட்டரி செத்திருந்தது. ஒவ்வொரு மின்வெட்டுக்கும் பிறகு கணினி பழைய காலத்துக்குப் போய்விட்டது.

அங்கே யாரோ செய்திருந்த மருத்துவம்தான் எனக்கு வருத்தம் தந்தது. களஞ்சிய முகவரிக்குப் பக்கத்தில் ‘டிரஸ்டட்=யெஸ்’ என்று எழுதிவிட்டிருந்தார்கள். தேதிப் பிழை அதனால் தீரவில்லை; கையொப்பச் சோதனைதான் போயிற்று. தமிழ்99 விசைப்பலகை, எழுத்துரு, பாட மென்பொருள் என்று சொந்தப் பொதிகளை அடுக்கும் களஞ்சியத்துக்கு இந்தக் குறுக்குவழி கூடவே கூடாது. சொந்தச் சாவி ஒன்றை உருவாக்கிக் கையொப்பமிட அரை மணி நேரம் போதும். அந்தச் சாவியையும் அந்தக் களஞ்சியத்துக்கு மட்டுமே செல்லும்படி கட்ட வேண்டும். எல்லாச் சாவிகளையும் ஒரே வளையத்தில் கோத்துவிட்ட பழைய ஆப்ட்-கீ கருவி, 2025-இல் வந்த டெபியன் 13-இல் நீக்கப்பட்டது.

அந்த அறையில் முதலில் பேட்டரிகளை மாற்றினோம். பிறகு கடிகாரத்தைத் திருத்தி, அந்த ‘டிரஸ்டட்=யெஸ்’ குறிப்பை ஒவ்வொரு கணினியிலும் அழித்துவிட்டு ஆப்டை ஓட்டினோம். முத்திரை பொருந்தியது.