நிதரோசுப் பேராலயத்தின் மேலைமுகப்பு

நார்வே நாட்டுத் துரோண்டெய்ம் நகரிலுள்ள நிதரோசுப் பேராலயம், 1030-இல் போரில் மாண்டு, அடுத்த ஆண்டே புனிதராகக் கொள்ளப்பெற்ற ஓலாவு மன்னரின் கல்லறைமீது எழுந்ததாகும். 1070-ஐ ஒட்டித் தொடங்கிய திருப்பணி ஏறத்தாழ 1300-இல் நிறைவெய்திற்று. பேராயர் ஐசுத்தைன் 1180 முதல் 1183 வரை இங்கிலாந்தில் வாழ்ந்து மீண்டமை ஈண்டு நினைதற்குரியது. அதன்பின் எழுந்த பகுதிகளில் ஆங்கிலக் கோதிக் பாணியின் சாயல் தெளிவாகப் புலனாகின்றது.

1328, 1432, 1531 ஆகிய ஆண்டுகளில் தீ மூண்டது. 1537-இல் சமயச் சீர்திருத்தம் புகுந்தபின் ஓலாவின் வெள்ளித் திருப்பேழை கோபன்கேகனுக்குக் கொண்டுபோகப்பெற்று உருக்கப்பட்டது. 1708, 1719-ஆம் ஆண்டுகளிலும் தீ விட்டபாடில்லை.

1869-இல் தொடங்கிய புதுக்குப்பணி 2001-இல்தான் முடிந்ததென அறிவிக்கப்பெற்றது. ஆராய்ச்சியாளர் விழிப்பாயிருத்தற்குரிய இடம் இதுவே. இன்று காண்போரை வியக்கவைக்கும் சிற்பச் செறிவுடைய மேலைமுகப்பு, 1905 முதல் 1983 வரை அமைக்கப்பெற்றது. அதற்குத் துணைநின்ற பழைய ஓவியச் சான்று மாசுக்கியுசு என்பார் 1661-இல் செதுக்கிய படம். அதுவும் தீக்குப் பிற்பட்ட, சிதைந்த முகப்பின் படமேயாம். எஞ்சியவற்றை அறிஞர் ஊகத்தால் நிரப்பினர். சிதைந்த ஏட்டில் பதிப்பாசிரியர் பெய்த சொற்கள் அடைப்புக்குறியுள் நிற்கும், கல்லுக்கு அக்குறியில்லை. வடமேற்குக் கோபுரத்து மிக்கேல் வானதூதர் உருவிற்கு அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் முகத்தை முன்மாதிரியாகக் கொண்டதாகச் சிற்பி இலெய்ர்தாலே கூறினார். இதனை இடைக்காலச் சிற்பமென எவரேனும் மேற்கோள் காட்டின் என்னாவது? நார்வேயின் இடைக்காலச் சிற்பநெறியை ஆராயப் புகுவோர், ஆலயத்தை அடுத்த பேராயர் மாளிகைக் காட்சியகத்தில் பேணப்பெறும் மூலச் சிற்பங்களிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.