முன்பாரம், பின்பாரம்: பழைய மெட்ராஸ் ரோட்டிலிருந்து ஹியூம் ஹைவே வரை

பள்ளி விடுமுறை நெருங்கினால் எனக்கு இரண்டு விதமான போன் வரும். "வீட்டுக்கடன் வட்டி குறையுமா சார்?" என்பது ஒன்று, பேங்க்காரன் தலையெழுத்து. "உங்ககிட்ட இருக்கிற மாதிரி சின்ன கேம்பர் டிரெய்லர் ஒண்ணு வாடகைக்கு எடுத்து சிட்னி வரைக்கும் போகலாம்னு இருக்கோம், சரிப்படுமா?" என்பது இன்னொன்று. இரண்டாவதோடு தவறாமல் ஒரு வால் ஒட்டிக்கொண்டு வரும்: "நமக்கெல்லாம் இது பழக்கமில்லையே, வெள்ளைக்காரங்க சமாச்சாரம்."

அந்த வாலைப் பிடித்து இழுப்பதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள். நான் படித்தது பி.காம்., சரித்திரம் அல்ல. ஆனால் பிறந்து வளர்ந்தது பெங்களூர் மர்பி டவுனில்; பழைய மெட்ராஸ் ரோடு எங்களுக்குக் கூப்பிடு தூரம். படுக்கையும் பாத்திரமும் ஏற்றிய வண்டியை இழுத்துக்கொண்டு நெடுந்தூரம் போவதைப் பற்றி, மெல்பர்ன் - சிட்னி ஹியூம் ஹைவேயைவிட அந்த ரோட்டுக்கு நிறையத் தெரியும் என்பது என் கட்சி.

முதலில் வெள்ளைக்காரர் கணக்கை முடித்துவிடுவோம். கார்டன் ஸ்டேபிள்ஸ் என்று ஒரு ஸ்காட்லாந்துக்காரர், கப்பற்படையில் டாக்டராக இருந்தவர். 1885ல் பிரிஸ்டல் வேகன் கம்பெனியில் சொல்லிச் செய்து 'வாண்டரர்' என்ற வீட்டு வண்டியை வாங்கினார். சுமார் 2 டன் எடை, இழுக்க இரண்டு குதிரை. இங்கிலாந்தின் தெற்கிலிருந்து ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் வரை போனார். முன்னால் அவருடைய வேலைக்காரர் மூன்று சக்கர சைக்கிளில் போய் எதிரே வருகிறவர்களை எச்சரிப்பாராம் :-) பொழுதுபோக்குக்காகவே செய்யப்பட்ட முதல் கேரவன் இதுதான் என்பார்கள். 'பொழுதுபோக்குக்காக' என்ற சொல்லைக் கவனியுங்கள். பிழைப்புக்காக ரோமானி மக்கள் அதற்கு முன்பே வண்டிகளில் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு யாரும் 'முதல்' பட்டம் கொடுக்கவில்லை. 1907ல் பிரிட்டனில் கேரவன் கிளப், 1919ல் கார் இழுக்கிற கேரவன்களை எக்கிள்ஸ் கம்பெனி செய்ய ஆரம்பித்தது, 1930களில் அமெரிக்காவில் ஏர்ஸ்ட்ரீம், 1975ல் இங்கே ஆஸ்திரேலியாவில் ஜேகோ. அவ்வளவுதான்.

இப்போது நம் ரோட்டுக்கு வருவோம்.

1791 பிப்ரவரி. கார்ன்வாலிஸ் திப்புவின் மீது படையெடுத்து, சித்தூருக்கும் பலமனேருக்கும் நடுவிலுள்ள மொகிலி கணவாய் வழியாக மைசூர் மேட்டுநிலத்துக்கு ஏறுகிறார். முளபாகல், கோலார், ஹொஸ்கோட்டை, பெங்களூர். பிற்காலத்து மெட்ராஸ் ரோடும் ஏறக்குறைய இதே தடம்தான். மார்ச் 21ல் பெங்களூர்க் கோட்டை விழுந்தது. அங்கிருந்து மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் வரை போனார், சண்டையில் ஜெயிக்கவும் செய்தார். ஆனால் தீனியில்லாமல், நோயில் வண்டி மாடுகள் செத்து விழுந்தன. கோட்டையை உடைக்கக் கொண்டுபோன பெரிய பீரங்கிகளை இழுக்க ஆளில்லை, அதாவது மாடில்லை. அவற்றைத் தானே உடைத்துப் போட்டுவிட்டுப் பெங்களூருக்குத் திரும்பினார். எவ்வளவு பெரிய ஜெனரலாக இருந்தாலும் இழுவைத் திறன் என்று ஒன்று இருக்கிறதே! அடுத்த முயற்சிக்குத் தானியம் கொண்டுவந்தவர்கள் பஞ்சாராக்கள், நம் பக்கத்து லம்பாடிகள், ஆயிரக்கணக்கான பொதிமாடுகளோடு.

மைசூர்ப் பக்கம் அந்தக் கவலை குறைவு. சிக்கதேவராஜ உடையார் காலத்தில் தொடங்கிய அரண்மனைப் பட்டியைத் திப்பு 'அம்ரித் மஹால்' என்று பெயரிட்டு வளர்த்தார். வேகமாகப் பீரங்கி இழுக்கவென்றே வளர்த்த இனம். 1799க்குப் பிறகு கம்பெனி அந்த மாடுகளையும் விடாமல் எடுத்துக்கொண்டது.

1809ல் பெங்களூர் கண்டோன்மென்ட் வந்தது. பட்டாளம் வந்தால் பின்னாலேயே கொத்தனார், சலவைக்காரர், சமையல்காரர், துணி வியாபாரி எல்லாரும் வரவேண்டும். பெரும்பாலும் ஆற்காட்டுப் பக்கத்துத் தமிழர்கள். ஜோலார்பேட்டையிலிருந்து கண்டோன்மென்டுக்கு ரயில் வந்தது 1864ல்தான். ஆக, நடுவிலுள்ள ஐம்பத்தைந்து வருடம் வந்தவர்கள் எல்லாம் நடந்து வந்தார்கள், அல்லது மாட்டு வண்டியில் வந்தார்கள். அவர்களுடைய பேரன் பேத்திகள் காலத்தில் கண்டோன்மென்டின் கூலித் தொழிலாளர்களுக்காகக் கட்டப்பட்ட குடியிருப்புதான் எங்கள் ஏரியா. முன்பு நாக்ஸ்பேட்டை, பிறகு பொறியாளர் மர்பியின் பெயரில் மர்பி டவுன்.

ஒரு சின்னக் கணக்கு. மெட்ராஸிலிருந்து பெங்களூர் 350 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பாரம் ஏற்றிய வண்டி மணிக்கு 4 கிலோமீட்டர். வெயிலுக்குப் பயந்து ராத்திரியில் ஆறு மணி நேரம் போனால் 24 கிலோமீட்டர். பதினைந்து ராத்திரி! வசதியுள்ளவர்களுக்கு மாடு மாற்றி மாற்றி ஓட்டும் 'டிரான்சிட்' வண்டி இருந்தது, உள்ளே பலகை போட்டுக் காலை நீட்டிப் படுக்கலாம். நம் ஆட்களுக்குக் கூண்டு வண்டி. பதினைந்து ராத்திரி ஒரு குடும்பம் அதில் இருந்தால் அது வண்டியா, வீடா?

அந்த வீட்டின் அமைப்பைப் பாருங்கள். மூங்கில் வளைத்துப் பாய் வேய்ந்த கூண்டு. தரையில் வைக்கோல், மேலே ஜமுக்காளம். வைக்கோல்தான் மெத்தை, வைக்கோல்தான் மாட்டுக்குத் தீனி. போகப்போக மெத்தை இளைத்துக்கொண்டே வரும். அச்சுக்குக் கீழே லாந்தர். பக்கத்தில் தொங்கும் மூங்கில் குழாயில் விளக்கெண்ணெயும் வைக்கோல் கரியும் குழைத்த மை, அச்சு கத்தினால் தடவ. மாட்டை அவிழ்த்ததும் முன்பக்கம் தரையில் இடிக்காமல் நிற்க முட்டுக்கட்டை. நம் டிரெய்லரில் முன்னால் ஒரு குட்டிச் சக்கரம் இறக்குகிறோமே, ஜாக்கி வீல், அது வேறென்ன?

எல்லாவற்றையும்விட முக்கியமானது பாரம். எங்கள் தெருவுக்கு 1980களில்கூடச் சீமெண்ணெய் வண்டி வரும். இரண்டு சக்கரம், ஒற்றை மாடு, மேலே உருளை டாங்க். எண்ணெய் ஊற்றி முடித்ததும் வண்டிக்காரர் ஏறி உட்காரும் இடம் வீட்டுக்கு வீடு மாறும். டாங்க் நிறைந்திருக்கும்போது ஓரிடம், காலியாகும்போது வேறிடம். "ஏண்ணா இடம் மாறி மாறி குந்துறீங்க?" என்று கேட்டதற்கு, "முன்பாரம் பாக்கணும்டா கண்ணு" என்றார். அப்போது ஒன்றும் விளங்கவில்லை.

விளங்கியது இங்கே வந்து, டிரெய்லர் கையேட்டைப் படித்தபோது. இரட்டைச் சக்கர வண்டி ஒரு தராசு, அச்சுதான் முள். முன்பாரம் அதிகமானால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்திப் புண்ணாக்கும். பின்பாரம் அதிகமானால் நுகத்தடி மேலே எழும்பி, பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும், வண்டி குடை சாயும். கொஞ்சம் முன்பாரம் வேண்டும், நிறைய வேண்டாம். இங்கே சொல்வது என்ன? மொத்த எடையில் பத்து சதவீத அளவுக்குக் காரின் டோ பால் மேல் இறங்க வேண்டும். ரொக்கக் கையிருப்பு விகிதம் மாதிரி! மாட்டுக் கழுத்து இருந்த இடத்தில் 50 மில்லிமீட்டர் இரும்புக் குண்டு, அவ்வளவுதான் வித்தியாசம்.

இல்லை, இன்னொரு வித்தியாசம் இருக்கிறது. மாடு மணிக்கு 4 கிலோமீட்டரில் போகும், நாம் 100ல் போகிறோம். தெரிந்த குடும்பம் ஒன்று போன வருடம் ஹியூம் ஹைவேயில் எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. டிரெய்லரின் பின்புறம் நாலு சைக்கிள், ஜெனரேட்டர், தண்ணீர் கேன்கள். ஒரு இறக்கத்தில் லாரி ஒன்று தாண்டிப் போனது. அந்தக் காற்றில் டிரெய்லர் லேசாக ஆடியது, பிறகு பலமாக, பிறகு காரின் வாலையே இடமும் வலமும் வீச ஆரம்பித்தது. காரில் இரண்டு குழந்தைகள். அவர் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை வெட்டாமல் நேராகப் பிடித்துக்கொண்டதால் தப்பினார்கள். பயத்தில் கார் பிரேக்கை ஓங்கி மிதித்திருந்தாலோ, ஆட்டத்துக்கு எதிராகத் திருப்பியிருந்தாலோ நான் இதை இவ்வளவு சாவகாசமாக எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். ஓரமாக நிறுத்தி, ஜெனரேட்டரையும் தண்ணீரையும் அச்சுக்கு முன்னால் மாற்றினோம். மீதித் தூரம் ஆடவே இல்லை. அவருக்குச் சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். நெல் மூட்டை வண்டி ஓட்டிய பரம்பரை.

இந்தக் கழுத்துச் சங்கதியைப் படிப்பாளிகள் யாரும் கண்டுகொள்ளவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். பெங்களூர் ஐ.ஐ.எம்.மின் முதல் இயக்குநர் என்.எஸ். ராமசுவாமி 1970களின் பிற்பகுதியில் மாட்டு வண்டியைத்தான் ஆராய்ச்சிக்கு எடுத்தார். மேனேஜ்மென்ட் பள்ளிக்கூடத்தில் மாட்டு வண்டியா என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் நாட்டில் கோடிக்கும் மேற்பட்ட வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. அதில் மாட்டிக்கொண்டிருந்த முதலீட்டையும் சுமையையும் யாராவது கணக்குப் பார்க்க வேண்டாமா? உராய்வு குறைந்த பேரிங், காற்றடைத்த டயர், பிரேக், கழுத்தில் புண் வராத நுகம் என்று அவர் கேட்டவை எல்லாம் இன்று என் டிரெய்லரில் இருக்கின்றன. பிறகு 'கார்ட்மேன்' என்றே ஒரு அமைப்பு தொடங்கினார். கணக்கெழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் அந்த மனிதரிடம் எனக்குத் தனி மரியாதை.

அப்படியானால் நம் ஊரில் கார் இழுக்கிற கேரவன் ஏன் வேர் விடவில்லை? சட்டம் முழுக்கக் கதவை மூடவில்லை. சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன், டிரெய்லர் என்று 2004ல் மத்திய அரசின் வாகன வகைப் பட்டியலிலேயே இருக்கிறது. ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள தயாரிப்பாளர் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. வெல்டிங் கடையில் மதியம் கொடுத்துச் சாயங்காலம் வாங்கும் நம்ம ஊர் மாடிஃபிகேஷனுக்கு அங்கே இடமில்லை. 2021ல் கேரளா கொண்டுவந்த கேரவன் சுற்றுலாத் திட்டம்கூட, பெரும்பாலும் எஞ்சினோடு சேர்ந்த வண்டிகளை நம்பியதுதான். எனக்கென்னவோ சட்டத்தைவிட நினைவுதான் பெரிய தடை என்று தோன்றுகிறது. கூண்டு வண்டியை வறுமையோடு முடிச்சுப் போட்டுவிட்டோம். ஸ்டேபிள்ஸ் போனால் உல்லாசம், என் கொள்ளுத்தாத்தா வந்தால் கஷ்டகாலம்.

என் டிரெய்லர் விஷயம் கேட்டவர்களுக்கு: செகண்ட் ஹேண்டில் வாங்கியது, ஏற்றி முடித்தால் சுமார் 900 கிலோ. இங்கே 750 கிலோவைத் தாண்டினால் பிரேக் கட்டாயம், இருக்கிறது. நான் செய்த பெரிய மாற்றம் ஒன்றுதான்: பின்னால் இருந்த தண்ணீர் டாங்கை அச்சுக்குச் சற்று முன்னால் கொண்டுவந்தேன். மாவு அரைக்கும் டேபிள்டாப் கிரைண்டரும் முன்பெட்டியில்தான் போகும். (காட்டுக்குள் இட்லி எதற்கு என்று கேட்காதீர்கள். வீட்டில் கேட்டு ஓய்ந்துவிட்டேன்.)

வாடகைக்கு எடுப்பவர்கள் செய்யவேண்டியது இது. எல்லாச் சாமானையும் ஏற்றுங்கள். காரிலிருந்து கழற்றி, சமதரையில், சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து நிறுத்துங்கள். வீட்டில் எடை பார்க்கும் பாத்ரூம் ஸ்கேலை டிரெய்லரின் முன் கொக்கிக்கு நேர் கீழே வைத்து, அதன் மேல் ஒரு உறுதியான மரக்கட்டையை நிறுத்துங்கள். காரில் மாட்டினால் எந்த உயரத்தில் இருக்குமோ அதே உயரத்தில் கொக்கி கட்டை மேல் உட்கார வேண்டும். ஜாக்கி வீலை மெதுவாகச் சுற்றி எடையை இறக்குங்கள். எனக்கு 90 கிலோ காட்டும். உங்களுக்கு 30, 40 என்று காட்டினால் பின்னாலிருக்கும் சாமானை முன்னால் தள்ளி மறுபடி பாருங்கள். உங்கள் காரின் டோ பார் தாங்கும் அளவைத் தாண்டினால் கொஞ்சம் பின்னால் தள்ளுங்கள். பத்து நிமிட வேலை. ஸ்கேல் இல்லாதவர்கள் போன் செய்யுங்கள், என்னுடையதைக் கொண்டு வருகிறேன்.