பஞ்ச் குணாளனும் இரட்டையர் ஆட்டமும்

நானுஓயாப் புகையிரத நிலையம் 1885 ஆம் ஆண்டிலே திறக்கப்பெற்றது. தேயிலைப் பெட்டிகள் அவ்வழியே கொழும்புக்கு இறங்கின. நுவரெலியாக் குளிரை நாடிய துரைமார் அவ்வழியே ஏறிவந்தனர். அவர்களோடு அவர்தம் விளையாட்டுக்களும் வந்தன. அவற்றுள் ஒன்றாகிய பட்மின்டன், 1870களிலே பூனாவிலிருந்த ஆங்கிலப் படையினரிடையே விதிகளாக வகுக்கப்பெற்றது. கம்பளி நூற்பந்து கொண்டு திறந்த வெளியில் ஆடும் அதன் இன்னொரு வகை தஞ்சையில் வளர்ந்தது என்பர். மலைநாட்டுக் காற்றிலே இறகுப்பந்தை வெளியில் ஆடமுடியாது, மண்டபம் வேண்டும். மண்டபமோ துரைமாரின் கிளப்பிலே இருந்தது. லயத்து முற்றத்திலே வலை கட்டி ஆடிய எவரும் இவ்வேறுபாட்டை நூல்களிலிருந்து அறியவேண்டியதில்லை.

காலனித்துவ ஆட்சி தமிழரை இலங்கைத் தேயிலைக்கும் மலாயா ரப்பருக்கும் ஒரே காலத்திலே கொண்டுசென்றது. கங்காணி முறை இரு நாட்டுக்கும் பொதுவானது. சுதந்திரத்துக்குப் பின்னர் வழிகள் பிரிந்தன. இங்கே 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அங்கும் எல்லாம் நேராகிவிடவில்லை. எனினும் ஒரு தமிழர் தம் நாட்டின் சின்னத்தை மார்பில் அணிந்து உலக அரங்கில் நிற்க முடிந்தது. அவரே பஞ்ச் குணாளன்.

குணாளனை ஒற்றையர் ஆட்டக்காரராகவே பலரும் நினைவுகூர்வர். 1974 இல் கிறைஸ்ட்சேர்ச் நகரில் நடந்த பொதுநலவாய விளையாட்டுப் போட்டியில் அவர் ஒற்றையர் தங்கத்தை வென்றார். அதே ஆண்டு அகில இங்கிலாந்துச் சுற்றுப்போட்டியின் இறுதியாட்டத்தில் இந்தோனேசியாவின் ரூடி ஹார்ட்டோனோவிடம் தோற்றார். ஆயினும் அவருடைய ஆட்டவாழ்வின் சிகரம் இரட்டையரிலேயே அமைந்தது என்பது எமது கருத்து.

இரட்டையர் ஆட்டம் ஒற்றையரின் இருமடங்கன்று. ஆடுகளத்தின் நீளம் 13.4 மீற்றர், ஒற்றையருக்கு அகலம் 5.18 மீற்றர், இரட்டையருக்கு 6.1 மீற்றர். ஆட்டக்காரர் இருமடங்காக, இடம் ஒரு மீற்றருக்குங் குறைவாகவே கூடுகிறது. அதனால் பந்து தரையில் விழ இடம் தேடுவது அரிதாகி, வேகமும் முன்னுணர்வுமே ஆட்டத்தைத் தீர்மானிக்கின்றன. தாக்கும்போது ஒருவர் வலையோரத்திலும் மற்றவர் பின்னாலும் நிற்பர். தாங்கும்போது இருவரும் பக்கம் பக்கமாக விரிவர். இந்த இடமாற்றம் சொல்லின்றி நிகழவேண்டும். அக்காலத்து விதி இன்னும் கடினமானது. பந்தைப் பரிமாறும் அணியே புள்ளி பெறமுடியும். இரட்டையரில் ஒருவர் பரிமாறும் வாய்ப்பை இழந்தால் அடுத்தவர் பரிமாறுவார், அவரும் இழந்தபின்னரே வாய்ப்பு எதிரணிக்குச் செல்லும். ஒருவர் தவறினால் அடுத்தவர் அச்சுமையை அங்கேயே, உடனேயே ஏற்கவேண்டும்.

குணாளனின் துணைவர் இங் பூன் பீ என்னும் சீனர், ஏழாண்டு மூத்தவர். அவர் ஏற்கெனவே டான் யீ கானுடன் சேர்ந்து 1965, 1966 ஆகிய ஆண்டுகளில் அகில இங்கிலாந்துப் பட்டத்தை வென்றவர். புகழ்பெற்ற ஓர் இணையில் ஒருவர் விலகிய இடத்தை நிரப்புவது எளிதன்று. 1970 இல் எடின்பரோவிலே இருவரும் பொதுநலவாய இரட்டையர் தங்கத்தைப் பெற்றனர். ஆனால் அதே ஆண்டு கோலாலம்பூரிலே, சொந்த மக்கள் முன்னிலையில், மலேசியா தோமஸ் கிண்ணத்தை இந்தோனேசியாவிடம் இழந்தது.

இவ்வெற்றி தோல்விகள் நிகழ்ந்த காலத்தை மறத்தலாகாது. 1969 மே 13 ஆம் நாள் கோலாலம்பூரிலே இனக்கலவரம் மூண்டது, நாடாளுமன்றம் இடைநிறுத்தப்பெற்றது. அது மீண்டும் கூடியது 1971 பெப்ரவரியிலே. அடுத்த மாதம் இலண்டன் வெம்பிளி அரங்கிலே ஒரு சீனரும் ஒரு தமிழரும் மலேசியாவின் பெயரால் வலைக்கு இப்பால் நின்று, ஹார்ட்டோனோ - இந்திரா குணவான் இணையை வென்று அகில இங்கிலாந்து இரட்டையர் பட்டத்தைக் கைப்பற்றினர். ஒரு பட்டம் கலவரத்தின் காயத்தை ஆற்றிவிட்டதென்று எழுதுவது வரலாறாகாது, ஆட்டக்காரர் மருத்துவரல்லர். ஆயினும் மாறுபட்ட இரு இனத்தார் ஒருவர் தவறை மற்றவர் சுமந்து வென்ற அக்காட்சியை, அக்காலத்து அரசியல் நிகழ்ச்சிகளோடு சேர்த்துக் குறிக்காத வரலாறும் குறையுடையதே.

1972 செப்ரெம்பர் 4 ஆம் நாள் மியூனிக் ஒலிம்பிக்கில் பட்மின்டன் காட்சி விளையாட்டாக ஆடப்பெற்றது. இரட்டையர் இறுதியில் குணாளனும் பூன் பீயும் இந்தோனேசியாவின் ஆடே சந்திரா, கிறிஸ்டியன் ஹடினாட்டா இணையிடம் தோற்றனர். மறுநாள் விடியுமுன் இஸ்ரேலிய வீரர்கள் பணயமாகப் பிடிக்கப்பட்டனர். அதற்கு முந்திய நாளின் பட்மின்டனை எவர் நினைப்பார்! காட்சி விளையாட்டாதலால் அப்பதக்கம் கணக்கிலும் சேரவில்லை. பட்மின்டன் முறையான ஒலிம்பிக் விளையாட்டானது 1992 இல். மலேசியாவின் முதல் ஒலிம்பிக் பதக்கம் அவ்வாண்டு ஆடவர் இரட்டையரிலேயே வந்தது.

ஆட்டத்தை விட்டபின் குணாளன் நிர்வாகியானார். உலக பட்மின்டன் சம்மேளனத்தின் துணைத்தலைவர் பதவிவரை உயர்ந்தார். பரிமாறுவோர்க்கே புள்ளி என்ற பழைய விதியை நீக்கி, ஒவ்வோர் அடிப்போருக்கும் புள்ளி வழங்கும் 21 புள்ளி முறை 2006 இல் நடைமுறைக்கு வர அவர் பெரிதும் முன்னின்றார். இரட்டையரின் இரண்டாவது பரிமாறல் அன்றோடு ஒழிந்தது. துணைவரின் தவறு இப்போது அக்கணமே எதிரணியின் புள்ளியாகிறது. தாம் ஆடி வென்ற விதியைத் தாமே மாற்ற முன்னின்ற ஆட்டக்காரர் சிலரே. 2012 ஆகஸ்ட் மாதம் குணாளன் காலமானார். நானுஓயாவில் இறகுப்பந்து ஆடும் சிறுவரும் இன்று 21 வரையே எண்ணுகின்றனர்.