முகநூல் ஒளிப்படத் தனியுரிமை அமைப்புகளின் வரலாறு

முகநூலில் ஒருவர் பதிவேற்றும் ஒளிப்படத்தை யார் யார் பார்க்கலாம் என்பதை அவரே முடிவு செய்ய உதவும் தெரிவுகள் தனியுரிமை அமைப்புகள் எனப்படுகின்றன. 'பொது', 'நண்பர்கள்', 'நான் மட்டும்' ஆகியவை இவற்றுள் பலரும் அறிந்தவை. பயனர்களின் எதிர்ப்பு, அரசு விசாரணை, நீதிமன்ற வழக்கு ஆகியவற்றின் விளைவாக இவற்றுள் பல, காலப்போக்கில் ஒவ்வொன்றாகச் சேர்க்கப்பட்டன.

பின்னணி

ஒளிப்படத்துக்கும் தனியுரிமைக்கும் இடையிலான சிக்கல் இணையத்தைவிடப் பழையது. 1890இல் சாமுவேல் வாரன், லூயிஸ் பிராண்டைஸ் என்னும் அமெரிக்க வழக்கறிஞர் இருவர் ஹார்வர்டு சட்ட இதழில் தனியுரிமை பற்றி ஒரு கட்டுரை எழுதினர். நொடியில் படமெடுக்கும் கருவிகளும் செய்தித்தாள்களும் மக்களின் வீட்டு வாழ்க்கைக்குள் நுழைந்துவிட்டன என்பது அவர்களின் கவலை.

அதே ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 2003இல் மாணவராக இருந்த மார்க் சக்கர்பெர்க், விடுதிகளின் இணையப் பட்டியல்களிலிருந்து மாணவர்களின் படங்களை அனுமதியின்றி எடுத்து, இருவர் இருவராக ஒப்பிட்டு வாக்களிக்கும் 'பேஸ்மாஷ்' என்னும் தளத்தை உருவாக்கினார். மாணவர்கள் எதிர்ப்புத் தெரிவித்ததால் அது சில நாள்களில் மூடப்பட்டது. பல்கலைக்கழகம் அவர்மீது ஒழுங்கு விசாரணை நடத்தியது.

வேலி விலகிய காலம்

2004 பிப்ரவரி 4 அன்று தொடங்கிய முகநூலில் முதலில் ஹார்வர்டு மின்னஞ்சல் முகவரி உள்ளவர்கள் மட்டுமே சேர முடிந்தது. கல்லூரியே ஒரு வேலியாக இருந்தது. 2005 அக்டோபரில் படங்களைப் பதிவேற்றும் வசதி வந்தது. 2006 செப்டம்பரில் 13 வயது நிரம்பிய எவரும் சேரலாம் என்றானது. அதன்பின் தம் படங்களுக்கு வேலி போடும் பொறுப்பு ஒவ்வொரு பயனர் மீதும் விழுந்தது.

2009 டிசம்பரில் முகநூல் தன் விதிகளை மாற்றி, பெயர், சுயவிவரப் படம், வாழும் நகரம், நண்பர்கள் பட்டியல் முதலியவற்றைப் பொதுத் தகவல்களாக்கியது. மறைத்து வைத்திருந்தவை வெளியே தெரிந்ததால் கடும் எதிர்ப்பு எழுந்தது. புகார்களை விசாரித்த அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2011 நவம்பரில் பல குற்றச்சாட்டுகளை முன்வைத்தது. கணக்கை நீக்கியவர்களின் படங்களையும் பிறர் பார்க்க முடிந்தது என்பது அவற்றுள் ஒன்று. பயனரின் தெளிவான ஒப்புதலின்றி அவருடைய தெரிவை மீறிப் பகிரக் கூடாது என்றும், 20 ஆண்டுகளுக்குத் தணிக்கை நடைபெற வேண்டும் என்றும் உடன்பாடு ஏற்பட்டது. அதனை மீறியதாக 2019இல் 500 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது.

புதிய பூட்டுகள்

2011 ஆகஸ்டில், ஒவ்வொரு பதிவுக்கும் அருகிலேயே பார்வையாளரைத் தேர்ந்தெடுக்கும் வசதி வந்தது. பிறர் தம் படத்தில் நம் பெயரைக் குறிக்கும் 'டேக்', நம் பக்கத்தில் தோன்றுமுன் அதை ஏற்கவோ மறுக்கவோ வழி கிடைத்தது. மறுத்தாலும் படம் அதைப் பதிவேற்றியவரின் பக்கத்தில் இருக்கும்.

புதிய பயனரின் முதல் பதிவுக்குரிய இயல்புநிலைத் தெரிவு 2014 மே மாதத்தில் 'பொது' என்பதிலிருந்து 'நண்பர்கள்' என மாறியது. பலர் இயல்புநிலைத் தெரிவை மாற்றுவதே இல்லை என்பதால் இது முக்கியமான மாற்றம்.

முகத்தைக் கணினியே அடையாளம் கண்டு பெயர் பரிந்துரைக்கும் வசதிக்கு எதிராக இலினாய் மாநிலச் சட்டத்தின்கீழ் 2015இல் வழக்கு தொடரப்பட்டது. 65 கோடி டாலர் இழப்பீட்டுக்கு 2021இல் நீதிமன்றம் ஒப்புதல் அளித்தது. அவ்வாண்டு நவம்பரில், 100 கோடிக்கும் மேற்பட்டோரின் முகப்பதிவுத் தரவை அழிப்பதாக நிறுவனம் அறிவித்தது.

இந்தியாவில்

படம் திருடப்பட்டு ஆபாசமாக மாற்றப்படுமோ என்ற அச்சத்தால், இந்தியப் பெண்கள் பலர் தம் முகத்துக்குப் பதிலாகப் பூ, கடவுள் அல்லது குழந்தையின் படத்தை வைப்பதுண்டு. இந்தத் தயக்கத்தைக் கருத்தில் கொண்டு 2017 ஜூனில் சுயவிவரப் படப் பாதுகாப்பு வசதி இந்தியாவில் அறிமுகமானது. இதன்படி பிறர் அப்படத்தைப் பதிவிறக்கவோ பகிரவோ முடியாது. நீல நிறக் கேடயம் அதன் அடையாளம். 2020 மே மாதம் முழுப் பக்கத்தையும் பூட்டும் வசதி வந்தது. 2021 ஆகஸ்டில் காபூல் தாலிபான்கள் வசமானபோது, ஆப்கானியர்கள் ஒரே சொடுக்கில் கணக்கைப் பூட்டும் வசதி அளிக்கப்பட்டது. அங்கு அது உயிர்ப் பாதுகாப்பு தொடர்பானது.

வரம்புகள்

தனியுரிமை அமைப்பு, படத்தைப் பார்ப்பவர் யார் என்பதை மட்டுமே கட்டுப்படுத்தும். அனுமதி பெற்ற நண்பர் திரைப்பிடிப்பு எடுத்து வேறிடத்தில் பகிர்வதையோ, இன்னொரு கைப்பேசியால் திரையைப் படமெடுப்பதையோ அது தடுக்காது. மென்பொருள் பிழையும் பூட்டைத் திறந்துவிடக்கூடும். 2018 செப்டம்பர் 13 முதல் 25 வரை நீடித்த ஒரு பிழையால், சுமார் 68 லட்சம் பேரின் படங்கள் வெளிச் செயலிகளுக்கு எட்டியிருக்கலாம் என்று முகநூல் அறிவித்தது. பதிவேற்றத் தொடங்கி, பின்னர் வெளியிடாமல் விட்ட படங்களும் அவற்றுள் அடங்கும்.

எனவே தொழில்நுட்பம் முடியும் இடத்தில் சட்டம் தேவைப்படுகிறது. இந்தியாவில் தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. ஆபாசமாக மாற்றப்பட்ட படம் பற்றிப் பாதிக்கப்பட்டவர் புகார் அளித்தால் 24 மணி நேரத்துக்குள் தளங்கள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என 2021இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள் வரையறுத்தன.