வரலாற்றுப் புனைகதையும் மலையகமும்

இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையம் பட்டிப்பொல. 1880 ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளி ஒருவர் அந்நிலையத்தில் வந்திறங்கியதாக ஒரு நாவல் தொடங்குமாயின் அதனை நாம் ஏற்க முடியுமா? மலையகப் புகையிரதப் பாதை நானுஓயாவை அடைந்ததே 1885 இல்தான். பட்டிப்பொலயைக் கடந்து அது பண்டாரவளையை எட்டியது 1894 இல். அவ்வாறே, 1840 களில் பெண்கள் தேயிலைக் கொழுந்து பறித்ததாக எழுதுவதும் பிழையாகும். அது கோப்பிக் காலம். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலையைப் பயிரிட்டது 1867 இலேயே ஆகும்.

வரலாற்றுப் புனைகதை என்னும் இலக்கிய வகையின் முதல் நிபந்தனையை இவ்வுதாரணங்கள் உணர்த்துகின்றன. அறியப்பட்ட உண்மைகளை அது மீறலாகாது. ஆவணங்கள் மௌனம் சாதிக்கும் இடங்களிலேயே கற்பனைக்கு உரிமையுண்டு. பழங்காலப் பெயர்களையும் உடைகளையும் சேர்ப்பதனால் மட்டும் ஒரு கதை வரலாற்று நாவலாகிவிடாது. அக்காலத்தின் நெருக்கடிகள் சாதாரண மனிதரின் வாழ்வை எவ்வாறு உருமாற்றின என்பதை அது காட்ட வேண்டும். வால்டர் ஸ்கொட் 1814 இல் வெளியிட்ட ‘வேவர்லி’ இவ்வகைக்கு முன்னோடியாகக் கொள்ளப்படுவது இதனாலேயே.

தமிழில் இத்துறைக்கு வழிகாட்டியவர் ஈழத்தவர் என்பது நாம் பெருமைகொள்ளத்தக்கது. திருகோணமலையைச் சேர்ந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளை, நாயக்கர் காலத்தைக் களமாகக் கொண்டு 1895 இல் வெளியிட்ட ‘மோகனாங்கி’ தமிழின் முதல் வரலாற்று நாவலாகக் கருதப்படுகின்றது. அதற்குப் பத்தாண்டுகள் முன்னர், 1885 இல், கண்டியைச் சேர்ந்த அறிஞர் சித்தி லெப்பை ‘அசன்பேயுடைய கதை’யை வெளியிட்டு ஈழத்துத் தமிழ் நாவலுக்கு அடித்தளமிட்டிருந்தார். தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து வளர்த்த மரபு இது.

பின்னர் கல்கியின் நாவல்கள் இவ்வகையைப் பல்லாயிரம் வாசகரிடம் கொண்டுசென்றன. எனினும் ஓர் எச்சரிக்கை அவசியமாகின்றது. ‘பொன்னியின் செல்வ’னில் வரும் ரவிதாசனின் பெயர் உடையார்குடிக் கல்வெட்டில் உள்ளது. நந்தினியோ கல்கியின் கற்பனை. இவ்விருவரையும் ஒரே தராசில் நிறுத்தும் வாசகர் நாவலையும் வரலாற்றையும் ஒருங்கே தவறாக விளங்கிக்கொள்கின்றார்.

மன்னரையும் போரையும் பாடுவதே வரலாற்று நாவல் என்ற எண்ணமும் களையப்பட வேண்டியதே. மலையக மக்களுக்கு அரண்மனை வரலாறு இல்லை. தலைமன்னாரிலிருந்து மாத்தளை நோக்கிக் காட்டு வழியே நடந்த வரலாறே அவர்களுடையது. துரைமாரின் குறிப்புகளிலும் அரசாங்க அறிக்கைகளிலும் அவர்கள் எண்ணிக்கையாகவே இடம்பெற்றனர். வழியில் மாண்டோரின் பெயர்களைப் பதிந்தோர் அரிது. இந்த மௌனத்திற்குக் குரல் கொடுக்கவே மாத்தளை சோமுவின் ‘கண்டிச் சீமை’, மு. சிவலிங்கத்தின் ‘பஞ்சம் பிழைக்க வந்த சீமை’ முதலான படைப்புகள் எழுந்தன. தம் காலத்துத் தோட்ட வாழ்வைக் கூறிய சி. வி. வேலுப்பிள்ளையின் ‘வீடற்றவன்’, கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ போன்றவையோ இன்று வரலாற்றுச் சான்றுகளாகவும் பயன் தருகின்றன.

1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும் 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தமும் பல குடும்பங்களைப் பிரித்தன. கப்பலேறிச் சென்ற முதியோருடன் அவர்தம் நினைவுகளும் சென்றன. எஞ்சியோரும் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றனர். மலையக மக்களின் 200 ஆண்டு வரலாற்றை 2023 இல் நடைபயணத்தால் நாம் நினைவுகூர்ந்தோம். அந்நினைவு ஒரு விழாவோடு முடிந்துவிடலாகாது.

எனவே எழுத முனையும் இளையோர், பேனாவை எடுக்குமுன் லயத்து முதியோரின் வாய்மொழியைப் பதிவு செய்வார்களாக. பின்னர் அதனை ஆண்டுகளோடும் ஆவணங்களோடும் ஒப்பிடுவார்களாக. பிழையான தகவலோடு எழுதப்படும் உருக்கமான நாவல், அம்மக்களின் உண்மையான துயரத்தையும் பிறர் ஐயுற இடமளித்துவிடும்.