பட்டறைக்கு வெளியே வந்த தச்சு

ஸ்ரீரங்கத்தில் சித்திரைத் தேர் நகரத் தொடங்கியதும் எல்லோர் பார்வையும் தேரில் வரும் உற்சவர் நம்பெருமாள் மேல் இருக்கும். சக்கரத்தை ஒட்டி நடக்கிற சிலர் மட்டும் தலை நிமிர்வதே இல்லை. அவர்கள் கையில் ஆப்பு வடிவில் செதுக்கிய கனத்த கட்டை. எந்தச் சக்கரத்துக்கு, எந்த நொடியில், எந்தச் சாய்வில் அதைக் கொடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் தேர் திரும்புவதும் நிற்பதும். காரியத்தைக் கெடுப்பவனை ‘முட்டுக்கட்டை போடுகிறான்’ என்று திட்டுவது தமிழில் வழக்கமாகிவிட்டது. தேர் தெருவில் வளர்ந்தவர்கள் இந்தப் பேச்சை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கட்டை போடத் தெரிந்தவர் இல்லாவிட்டால் அந்தப் பெரிய மரமலை முதல் மூலையிலேயே வீட்டுத் திண்ணையில் போய் முட்டிவிடும்.

சித்திரை விழாவுக்கு விருப்பன் திருநாள் என்று பெயர். விஜயநகர அரச மரபைச் சேர்ந்த விருப்பண்ண உடையார் 1383-இல் ஏற்படுத்திய விழா என்பதால் அந்தப் பெயர் நிலைத்தது. தேரோடும் தெருக்களே சித்திரை வீதிகள் ஆகிவிட்டன. தேரில் நிலையாக இருப்பது சிற்பங்கள் நிறைந்த அடிப்பகுதிதான். மேலே தெரியும் கோபுரம் முழுவதும் கம்பும் கயிறும் தேர்ச்சீலையும். விழா முடிந்ததும் அது பிரிக்கப்பட்டுவிடும். அடிப்பகுதி அடுத்த ஆண்டுவரை தேரடியில் நிற்கும். தமிழ்நாட்டுத் தேர்கள் பெரும்பாலும் இலுப்பை, வேங்கை, தேக்கு மரங்களில் ஆனவை. மழையில் ஊறி, சித்திரை வெயிலில் காய்ந்து, மறுபடியும் டன் கணக்கில் பாரம் தாங்க வேண்டிய மரம் வைரம் பாய்ந்ததாக இருந்தாக வேண்டும். ஓரத்தில் வைரம் பாயாத வெள்ளை மரத்தை விட்டுவைத்தால் பூச்சி முதலில் அங்கேதான் வாய் வைக்கும்.

இதையெல்லாம் தச்சர்கள் எப்படிக் கற்றார்கள்? மயமதம் முதலிய சிற்ப நூல்கள் அளவுகளை வகுத்துவைத்திருக்கின்றன. எட்டு யவை தானியத்தின் அகலம் ஓர் அங்குலம். 24 அங்குலக் கோல் கிஷ்கு. வண்டி, இருக்கை, கட்டில் எல்லாவற்றுக்கும் அதுதான் அளவு. கோயில் விமானத்துக்கு 25 அங்குலம், வீட்டுக்கு 26, ஊரையே அளப்பதற்கு 27. வகைக்கு வகை கோலும் ஓர் அங்குலம் வளர்கிற அழகான ஏற்பாடு அது. ஆனால் கைக்கு வேண்டிய வித்தை சுலோகத்தில் கிடைத்துவிடாது. அது பட்டறையில் அப்பாவும் மாமாவும் போகிறபோக்கில் சொல்கிற ஒற்றை வாக்கியங்களில் இருந்தது.

ஒரு பலகையை எடுத்துக்கொள்ளலாம். இழைப்புளியை வைப்பதற்கு முன் உள்ளங்கையால் அதை ஒருமுறை நீளவாக்கில் தடவச் சொல்வார்கள், பூனையின் முதுகைத் தடவுகிற மாதிரி. ஒரு திசையில் கை வழுக்கிக்கொண்டு போகும், மறு திசையில் சொரசொரக்கும். வழுக்குகிற திசையில்தான் இழைக்க வேண்டும். எதிர்த்திசையில் தள்ளினால் ரேகை பிய்ந்து பள்ளம் விழும். அப்படி விழுந்தபிறகு எவ்வளவு உப்புத்தாள் போட்டாலும் தடம் தெரியும். சரியாக இழைத்தால் சீவல் வெங்காயச் சருகு போலச் சுருண்டு விழும். துளை போடுகிறபோது கோட்டுக்கு உள்ளேயே உளியை நிறுத்தச் சொல்வார்கள். “குறைச்சா கூட்ட முடியாது தம்பி, கூட இருந்தா இழைச்சுக்கலாம்” என்பது எந்த ஆசாரியிடமும் கேட்கக் கிடைக்கும் பேச்சு. துளையில் செருக வேண்டிய முனையான கழுந்து உள்ளே போகாமல் முரண்டு பிடித்தால் கொட்டாப்புளியால் ஓங்கி அடிக்கக் கூடாது, பலகை வாய் பிளந்துவிடும். கழுந்தில் எங்கே பளபளப்பு விழுந்திருக்கிறது என்று பார்த்து அந்த இடத்தை மட்டும் ஒரு சீவல் எடுத்தால் போதும். ‘தீட்டின மரத்திலேயே பதம் பார்க்கிறது’ என்று நன்றி கெட்டவர்களைச் சொல்லும் பழமொழியும் இந்த உலகத்திலிருந்து வந்ததுதான். கருவியைத் தீட்டிக்கொள்ள உதவிய கட்டையையே வெட்டிப் பார்ப்பதைவிடப் பெரிய நன்றிகேடு தச்சனுக்கு வேறு என்ன இருக்கிறது?

இவ்வளவு பயனுள்ள பேச்சு பல நூற்றாண்டுகள் ஒரு சமூகத்தின் திண்ணையைத் தாண்டவில்லை. வெளியார் வீட்டுப் பையன் ஆசைப்பட்டு உளியைத் தொட்டால் ‘உனக்கெதுக்குடா இது’ என்ற கேள்விதான் வரும். ஆசாரி வீட்டுப் பையன் வேறு எதற்காவது ஆசைப்பட்டாலும் அதே கேள்விதான்.

இந்த வேலி விலகிய இடங்களில் ஒன்று தொலைவில் இருக்கிறது. 1910-இல் ஜொகன்னஸ்பர்க் அருகே காந்தி தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையில் தமிழ்க் குடும்பங்களும் இருந்தன. அவருடைய நண்பரும் கட்டடக் கலைஞருமான கல்லன்பாக்குக்குத் தச்சு தெரியும். அங்கே ஒரு சிறு தச்சு வகுப்பு நடந்தது. பெஞ்சு முதல் பெட்டி வரை பண்ணைக்கு வேண்டியதைத் தாங்களே செய்துகொண்டார்கள். பிழைப்புக்காக அல்லாமல், தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுத்துச் செய்த மரவேலை அது. 1937-இல் வார்தாவில் உருவான ஆதாரக் கல்வித் திட்டத்துக்கு வித்து இங்கேதான் விழுந்தது.

கைத்தொழிலைப் பள்ளிக்குள் கொண்டுவரும் எண்ணம் சென்னை மாகாணத்தில் 1953-இல் வேறு உருவம் எடுத்தது. கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு வேளை மட்டும் பாடம், மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்று முதலமைச்சர் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தை எதிர்த்தவர்கள் ‘குலக்கல்வி’ என்று அழைத்தார்கள். எதிர்ப்பின் முன்னணியில் பெரியார் நின்றார். காமராஜர் பதவிக்கு வந்ததும் 1954-இல் திட்டம் கைவிடப்பட்டது. கைவிட்டது சரிதான். தச்சன் மகன் தச்சனாகவே ஆக வேண்டும் என்று சட்டம் போட்டால் உளியின் மேல் யாருக்கும் காதல் பிறக்காது. ஆனால் அந்தச் சண்டையின் புழுதியில் கைவேலையே தாழ்ந்தது என்ற எண்ணமும் பல வீடுகளில் குடியேறிவிட்டது. அது பெரிய இழப்பு.

ஸ்ரீரங்கம் இருக்கிற திருச்சியில் மரவேலையை வேறு சமூகத்தவரின் கைக்குக் கொண்டுபோனதில் தொழிற்சாலைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு வந்து 1928-இல் இயங்கத் தொடங்கியது. அன்றைய ரயில் பெட்டிகளின் உடம்பு மரம்தான். வார்ப்படப் பட்டறையிலும் இரும்புக்கு முன்னால் மரம் வேண்டும்: வார்க்க வேண்டிய உறுப்பை முதலில் மரத்தில் அப்படியே செய்து மண்ணில் பதிப்பார்கள். உருகிய இரும்பு ஆறும்போது ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கும். அதற்கு ஈடாக மர உருவைக் கொஞ்சம் பெரிதாகச் செய்ய வேண்டும். அதற்கென்றே சற்று நீட்டிப் போட்ட அளவுகோல் உண்டு. 1965-இல் உற்பத்தி தொடங்கிய திருவெறும்பூர் பெல் ஆலை, தேருக்கே திருப்பிக் கொடுத்தது. தமிழ்நாட்டுத் தேர்கள் பலவற்றின் இரும்புச் சக்கரங்களும் அச்சுகளும் அங்கே செய்யப்பட்டவை. திருவாரூர் ஆழித்தேருக்கு ஹைட்ராலிக் பிரேக்கும் அங்கிருந்து போனது. அப்படியும் முட்டுக்கட்டைக்காரர்களுக்கு ஓய்வு கிடைத்துவிடவில்லை.

இன்று பொழுதுபோக்காக மரவேலையில் இறங்கும் பலருக்கு முதல் பட்டறை பொறியியல் கல்லூரியின் முதலாண்டு ஒர்க்‌ஷாப்தான். தச்சன் பரம்பரையே இல்லாத பிள்ளைகள் இரண்டு துண்டு மரத்தைப் பாதிப்பாதி வெட்டி ஒன்றோடொன்று பொருத்திக் காட்ட வேண்டும். முதல் இணைப்பில் இடைவெளி பல்லிளிக்கும். நல்ல பயிற்றுநர் அதைத் தூக்கி எறிய விடமாட்டார். ரம்பம் எங்கே கோட்டை விட்டு விலகியது என்பதை அந்த இடைவெளியிலேயே காட்டிக்கொடுத்து, அடுத்த துண்டைக் கையில் கொடுப்பார்.

திருச்சிக்கு வடக்கே, பச்சைமலை அடிவாரத்தில் அரும்பாவூர் இருக்கிறது. 1995-இல் பெரம்பலூர் தனி மாவட்டம் ஆகும்வரை அதுவும் திருச்சி மாவட்டம்தான். அங்கே மா, வேம்பு போன்ற மரங்களில் சாமி உருவங்களையும் வாகனங்களையும் செதுக்குகிறார்கள். பெரும்பாலும் ஒரே கட்டையில் குடைந்தெடுக்கும் வேலை. அரும்பாவூர் மரச் சிற்பங்களுக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. புதிதாகக் கற்க வருபவர் பெரிய உளியால் வேண்டாத மரத்தைக் கழிப்பதில்தான் தொடங்க முடியும். மூக்கும் விரலும் வருவதற்கு வெகு முன்பே மரம் எந்தப் பக்கம் பிளக்கும் என்பது கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். கண்ணைத் திறப்பது கடைசி வேலை. அதற்கு மிகச் சின்ன உளி, அன்று காலையில் தீட்டியது.