சமூக உளநலப் பணி (இலங்கை)

சமூக உளநலப் பணி என்பது உளநோய் உள்ளவரை விடுதியில் நெடுங்காலம் அடைத்து வைக்காமல், அவர் வாழும் வீட்டையும் ஊரையும் களமாகக் கொண்டு நோயைக் கண்டறிந்து, சிகிச்சை அளித்து, தொழிலுக்கும் குடும்பத்துக்கும் மீட்டெடுக்கும் மருத்துவ முறையாகும். இலங்கையில் இது பெரும்பாலும் அரச வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவுகள் வழியாக இலவசமாக நடைபெறுகிறது.

வரலாறு

இலங்கையில் உளநோயாளர் ஒரு காலத்தில் ஹெந்தளைத் தொழுநோய் விடுதியில் வைக்கப்பட்டனர். 1847இல் பொரளையில் தனிக் காப்பகம் அமைந்தது. 1873இல் உளநோய்க் கட்டளைச் சட்டம் வந்தது. 1920களில் அங்கொடை உளநோய் வைத்தியசாலை திறக்கப்பட்ட பின் நோயாளர் அங்கு குவிந்தனர். லண்டனின் மோட்ஸ்லி மருத்துவமனையைச் சேர்ந்த எட்வர்ட் மேப்போதர் 1930களின் இறுதியில் இலங்கை வந்து அந்நிலையைக் கண்டித்து அறிக்கை அளித்தார். 1939இல் கொழும்புப் பொது வைத்தியசாலையில் உளநோய்க்கான வெளிநோயாளர் கிளினிக் தொடங்கியது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இத்துறையின் திசையை மாற்றியது. தலைநகரை மட்டும் நம்பிய சேவையின் போதாமை கரையோர மாவட்டங்களில் வெளிப்பட்டது. 2005இல் ஏற்கப்பட்ட தேசிய உளநலக் கொள்கை, மாவட்டந்தோறும் தீவிர உளநோய்க்கான சிகிச்சை விடுதியையும் சமூகச் சேவையையும் இலக்காக வைத்தது. 2008இல் அங்கொடை வைத்தியசாலை தேசிய மனநல நிறுவகமாயிற்று.

வடக்கில் போர்க்காலத்திலேயே இம்முறை வேரூன்றியது. உளமருத்துவர் தயா சோமசுந்தரம் உள்ளிட்டோர், ஆசிரியர்களையும் ஊர்ப் பணியாளர்களையும் உளநல உதவிக்குப் பயிற்றினர். யாழ்ப்பாணத்தின் சாந்திகம் என்னும் நிறுவனம் உளவளத்துணை அளித்தது. கொழும்பில் 1974இல் தோன்றிய சுமித்ரயோ அமைப்பு, தற்கொலை எண்ணத்தோடு வருவோருக்குத் தொண்டர்கள் வழி செவிசாய்க்கிறது.

பணியாளரும் பணியும்

உளமருத்துவ நிபுணர்கள் குறைவு என்பதால், குறுகிய காலச் சிறப்புப் பயிற்சி பெற்ற உளநல மருத்துவ அதிகாரிகளே பல இடங்களில் கிளினிக்கை நடத்துகின்றனர். சமூக உளநலத் தாதியர், உளசமூகப் பணியாளர், தொழில்வழிச் சிகிச்சையாளர் ஆகியோர் குழுவில் இருப்பர். வீடுவீடாகச் செல்லும் குடும்பநல உத்தியோகத்தர், பிள்ளைபெற்ற தாயின் மனச்சோர்வை முதலில் கவனிக்கக்கூடியவர்.

கிளினிக்குக்குத் தவணைக்கு வராதவரைத் தேடிப் போவது இப்பணியின் முதன்மையான வேலை. மனச்சிதைவு உள்ளவருக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை போடும் நீடித்த ஊசி தவறினால் நோய் திரும்பலாம். வீட்டுக்குச் செல்பவர் மருந்தோடு உறக்கம், உணவு, வருமானம், வீட்டாரின் களைப்பு ஆகியவற்றையும் விசாரிப்பார். ஆஸ்பத்திரி வாகனம் ஒழுங்கைக்குள் வந்து நின்றால் அயலுக்குச் செய்தி போய்விடும் என்று அஞ்சும் குடும்பங்கள் உண்டு. ஆகவே எப்போது, எப்படி வருவது என்பதை முன்பே கேட்டுக்கொள்வது நல்ல நடைமுறை.

தமிழ் நோயாளர் பலர் மனச்சோர்வை நேரடியாகச் சொல்வதில்லை. ‘ஒரே யோசனை’, ‘நெஞ்சு இடி’, ‘உடம்பு உளைவு’ என்றே தொடங்குவர். செய்வினை என்று நூல் கட்டியோ, கோயிலில் நேர்த்தி வைத்தோ பார்த்த பின் கிளினிக்குக்கு வருவோரும் உளர். வழிபாட்டை இகழாமல் மருந்தையும் தொடரச் செய்வதே அனுபவமுள்ள பணியாளரின் வழி.

வெள்ளவத்தையும் பாமன்கடையும்

இப்பணி நகரில் எப்படி மாறுகிறது என்பதைக் கொழும்பு 6இன் வெள்ளவத்தையும் பாமன்கடையும் காட்டுகின்றன. தெஹிவளை எல்லையை ஒட்டிய பாமன்கடைக்கு அண்மையிலுள்ள பெரிய அரச வைத்தியசாலை, களுபோவிலையின் கொழும்பு தெற்குப் போதனா வைத்தியசாலை. ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தின் உளமருத்துவப் பிரிவு அங்கு இயங்குகிறது.

தமிழருக்கு எதிரான 1983 யூலை வன்முறையை நேரில் கண்டவர்களும், போரால் வடக்கு கிழக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்களும் இப்பகுதியில் வாழ்கின்றனர். பிள்ளைகள் லண்டனிலும் டொரண்டோவிலும் இருக்க, அடுக்குமாடி வீட்டில் தனித்திருக்கும் முதியோரும் பலர். தெற்காசியச் சமூக உளநல முறை குடும்பத்தை நம்பி வளர்ந்தது. 1950களில் அமிர்தசரசில் வித்யா சாகரும், பின்னர் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியும் உறவினரை நோயாளருடன் தங்கவைத்துச் சிகிச்சையில் பங்காளியாக்கின. வெள்ளவத்தையில் அந்த உறவினர் பெரும்பாலும் தொலைபேசியின் மறுமுனையில் இருக்கிறார். பணம் வந்துவிடும், மாத்திரை விழுங்கப்பட்டதா என்று பார்க்க ஆள் இராது. அயல்வீட்டார், வேலைக்கு வரும் பெண், மாடிக் காவலாளி ஆகியோரை நோயாளரின் சம்மதத்தோடு துணையாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

விளைவுகளும் குறைகளும்

1995இல் ஒரு லட்சம் பேருக்கு 47 என்ற அளவில் உச்சம் தொட்ட இலங்கையின் தற்கொலை விகிதம், பின்னர் மூன்றில் ஒரு பங்களவுக்குக் குறைந்தது. உளநலச் சேவையைவிட, கொடிய பூச்சிகொல்லிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டதே இதற்கு முதற்காரணமாகக் கருதப்படுகிறது. தற்கொலை முயற்சி 1998இல் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

தமிழ் பேசும் பணியாளர் பற்றாக்குறை கொழும்பிலும் நீடிக்கிறது. மொழிபெயர்ப்பாளராக மகனோ மகளோ அமர்ந்தால், குடும்பத்துக்குள் நடக்கும் வன்முறையைத் தாய் சொல்லமாட்டார். 1956இல் திருத்தப்பட்ட 1873ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாகப் புதுச் சட்ட வரைவுகள் பலமுறை எழுதப்பட்டுள்ளன. உடனடி உதவிக்குத் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி எண்ணை அழைக்கலாம்.